மொத்த விலைக்குப் பதினொரு பல்

ஒரு கடைவாய்ப் பல்லைக் காப்பாற்ற ஆறாயிரம். வாயில் மிச்சமிருக்கும் பதினொன்றையும் பிடுங்கிவிட்டுப் புது செட்டே மாட்ட ஒன்பதாயிரம். நாற்பது வருஷம் ஜவுளிக்கடை நடத்தியவருக்கு இந்தக் கணக்கில் எது லாபமென்று சொல்லித்தர வேண்டுமா?

போதாததற்குப் பூங்கா பெஞ்சில் தினமும் கூட உட்காரும் கண்டக்டர், தையல்காரர், தபால்காரர் மூவருமே செட் கட்சி. வலி கிடையாது, வம்பு கிடையாது என்று சத்தியம் செய்தார் கண்டக்டர். ஒற்றைப் பல்லுக்கு ஆறாயிரம் அழுவது பொத்தானுக்குச் சட்டை விலை கொடுக்கிற கதை என்றார் தையல்காரர். மூன்று கடையில் ஒரே விலை சொன்னால் அதுதான் சந்தை விலை. ஜவுளிக்காரர் பல் டாக்டரிடம் போனார்.

போனவர் சும்மா இருப்பாரா? பதினொன்றையும் மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு தள்ளுவீர்கள் என்று ஆரம்பித்தார். டாக்டரம்மா கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். பத்துப் பல் கல்லுமாதிரி இருக்கிறது, சொத்தை ஒன்றுதான் என்றார்.

“எல்லாத்தையும் எடுக்கச் சொன்னது யாருங்க ஐயா?”

“கூட்டாளிங்கதாம்மா. மூணு பேரும் போட்டிருக்காங்க.”

“போட்டுக்கிட்டுச் சாப்பிடுறாங்களா?”

ஜவுளிக்காரர் நினைத்துப் பார்த்தார். கண்டக்டர் பிஸ்கட்டைக்கூடத் தேநீரில் ஊறவைத்துத்தான் தின்பார். தையல்காரர் எதைக் கொடுத்தாலும் வயிறு சரியில்லை என்பார். யோசித்துச் சொல்வதாக எழுந்து வந்தார்.

சாயங்காலம் வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பெஞ்சின் நடுவில் பிரித்து வைத்தார். ஒரு கையும் நீளவில்லை.

தபால்காரர்தான் முதலில் உடைந்தார். “அது சிரிக்கத்தான் முதலாளி. சாப்பிடக் கழட்டிடுவேன். குத்துது.”

கண்டக்டர் சொல்லித்தான் அவர் பிடுங்கினாராம். தையல்காரரும் அப்படியே. கண்டக்டர் எதிரிலிருந்த மரத்தைப் பார்த்தார்.

“அப்புறம் ஏன்யா என்னையும் தள்ளிவிடப் பார்த்தீங்க?”

“நீ மட்டும் கடலை மென்னுக்கிட்டிருந்தா, பக்கத்துல நாங்க எப்படிய்யா உட்கார்றது?” என்றார் கண்டக்டர்.

கோபப்படுவதா, கட்டிக்கொள்வதா என்று ஜவுளிக்காரருக்கு விளங்கவில்லை. ஏமாற்றிய வியாபாரி இவ்வளவு பாவமாக முகத்தை வைத்துக்கொண்டதை அவர் பார்த்ததே இல்லை. மறுநாள் பேரம் பேசாமல் ஆறாயிரத்தைக் கட்டினார். ஆனாலும் பதினொரு பல்லோடு அந்தப் பெஞ்சுக்குப் போகக் கால் தயங்கியது.

ஆள் நாலு. செட் மூன்று, அதில் மெல்லுவது ஒன்றுமில்லை. சொந்தப் பல் பதினொன்று, அத்தனையும் ஒரே வாயில். மீதி மூவருக்குத் தான் என்ன பாக்கி என்ற இடம் மட்டும் அவர் கணக்கில் இன்னும் நிரப்பாமல் கிடக்கிறது.