சளி பிடித்தவர் உள்ளே போகக்கூடாது

ஆய்வுக்கூடத்தில் ஃபெர்ரட் அறைக் கதவில் ஒட்டியிருந்த தாளை யாரும் படிப்பதில்லை, எல்லாருக்கும் தெரியும். சளி பிடித்தவர் உள்ளே போகக்கூடாது. கீரிப்பிள்ளையை இழுத்து நீட்டினாற்போல் இருக்கும் அந்தப் பிராணிக்கு மனிதனுடைய ஃப்ளூ அப்படியே தொற்றும். தும்மும், மூக்கொழுகும், சுருண்டு படுக்கும். அதனால்தான் புதுத் தடுப்பூசியை முதலில் அதற்குப் போட்டுப் பார்க்கிறார்கள். பிறகு நுரையீரலைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே வழிதான், கொன்று அறுப்பது.

பராமரிப்பு வேலை செய்யும் லோடுக்கும் அது தெரியும். கிடங்கில் மூட்டை சுமந்து தோள் காய்த்துப்போன ஆள். அந்த நாளில் ஒட்டிய பெயர் இங்கேயும் கூடவே வந்துவிட்டது. செத்த பிராணியைப் பார்த்து முகம் திருப்புகிறவர் இல்லை. ஆனால் கதவோரக் கூண்டில் திருடி என்று அவர் கூப்பிடும் ஒரு ஃபெர்ரட் இருந்தாள். கையுறை, பேனா மூடி, எது கிடைத்தாலும் இழுத்துப்போய்ப் படுக்கைத் துணிக்கு அடியில் பதுக்குவாள். லோடு திட்டுவார். திட்டும்போது குரல் குழையும்.

சோதனை தொடங்க ஒரு நாள்தான் இருந்தது. அன்று காலை அவருக்குத் தொண்டையில் முள், மூக்கில் அடைப்பு.

உடை மாற்றும் அறையிலேயே மனைவி பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அங்கேதான் வேலை.

"எங்க கிளம்பிட்ட? மூக்கு குழாய் மாதிரி ஊத்துது."

"தூசி."

"தூசிக்கு ஒடம்பு கொதிக்குமா? நில்லு, டாக்டரம்மாவக் கூப்பிடறேன்."

டாக்டர் வந்தார். இவர்களைவிட வயதில் சிறியவர். பல மாத உழைப்பும் நாளைய சோதனைக்குத்தான் என்பது அவர் கண்ணடியில் கறுத்துக் கிடந்தது.

"அண்ணே, இன்னைக்கு சளின்னா நேத்தே உங்ககிட்ட கிருமி இருந்திருக்கும். நேத்து எந்தக் கூண்டத் தொட்டீங்க? அத மட்டும் ஒதுக்கிடலாம்."

ஒவ்வொரு கூண்டுக்கும் தனிக் காற்று, ஒன்றின் கிருமி இன்னொன்றுக்குப் போகாது. ஒதுக்கினவை குணமானதும், கேட்கிறவர்கள் வீட்டுக்கு வளர்க்கப் போகும். மாற்றுப் பிராணிகள் இருப்பது ஒரே கூண்டில்தான். இரண்டை ஒதுக்கினால் சோதனையே நிற்கும். லோடுக்கு எல்லாம் தெரியும்.

"ஜன்னலோரக் கூண்டு" என்றார். அது உண்மை. தரையைப் பார்த்தார். "அப்புறம்... கதவோரமும்."

மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"கதவோரத்த நேத்து நான்ல பாத்தேன்? நகம் வெட்டுனதே நான். பொய் சொல்றாரு டாக்டரம்மா. திருடிய வெளிய கொண்டுபோகப் பாக்குறாரு."

"ஏன்டி, உனக்கு வாய் சும்மா இருக்காதா?"

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு டம்ளர் சுடுதண்ணி வச்சுக் குடுத்தியா? அந்தக் கழுதைக்குப் பொய் சொல்ல மட்டும் நாக்கு நீளுது."

லோடு காது மடல்வரை சிவந்தார். டாக்டர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்தித் தேய்த்தார்.

"அக்கா, நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடுதானே?"

"கட்டி வச்சுட்டாங்க, வேற எங்க போறது?"

"ஒரே ரூம்லதான் தூங்குறீங்க?"

"ஆமா. ராத்திரி பூரா என் மூஞ்சி மேலதான் இவரு கொறட்ட..."

வாக்கியம் அங்கேயே நின்றது. டாக்டர் பஞ்சு சுற்றிய குச்சிகளை எடுத்துவரப் போனார்.

"எனக்கு ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி இருக்கேன்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். குச்சி மூக்குக்குள் போனதும் கண்ணில் நீர் முட்டியது. "இத அந்தத் திருடிக்கு விட்டிருக்கணும்" என்றாள்.

மதியத்துக்குள் முடிவு வந்தது. லோடுக்கு ஃப்ளூ. கல்லுக்கும் ஃப்ளூ. அவள் தொட்ட கதவோரமும் சேர்த்து இரண்டு கூண்டும் ஒதுக்கப்பட்டன. டாக்டர் யாரையோ தொலைபேசியில் கூப்பிட்டு, சோதனை தள்ளிப்போகிறது என்று தணிந்த குரலில் சொல்வது கேட்டது.

புருஷனும் பெண்டாட்டியும் மாஸ்க் போட்டுக்கொண்டு பின்வாசல் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு பொழப்பக் கெடுத்துட்டோம்" என்றாள்.

"வருத்தமாத்தான் இருக்கு."

"இருக்கும், இருக்கும். மாஸ்க்குக்கு மேல கண்ணு ரெண்டும் சிரிக்குது."

லோடு தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு" என்றாள். "திருடி நம்ம வீட்டுக்கு வந்தா, கட்டில்ல நீயும் அவளும். நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

"சளி சரியாகட்டும்" என்றார் லோடு. "அப்புறம் போ."