ஐந்தாம் தேதிக்கு முன்

வங்கிப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துப் போடும்போது அண்ணியின் பேனா நின்றுவிட்டது. உதறிப் பார்த்தாள். எழுதவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி தன் பேனாவை நீட்டினாள். அண்ணி பிடித்த பிறகும் மறுமுனையை அவள் விடவில்லை.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. கடன் உங்க நாத்தனார் பேர்ல இருக்கு. அவங்களுக்கு ரொம்ப முடியலன்னு வேற சொல்றீங்க. இந்தக் கடனுக்குக் காப்பீடு இருக்கு, தெரியும்ல?"

"தெரியும்மா."

"அவங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா மிச்சத்தைக் காப்பீட்டுக்காரங்களே கட்டிடுவாங்க. நீங்க ஒரு பைசா தர வேண்டாம். அதனால ஒரு பத்து நாள் பொறுத்து..."

சொல்ல வந்தது தன் காதிலேயே விழுந்ததும் அந்தப் பெண் நிறுத்திக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது.

"பேனாவைக் குடும்மா," என்றாள் அண்ணி.

தெருவில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். நாத்தனார் வாய்க்கு வாய் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில் பால்காரர் முதல் பக்கத்து வீட்டுத் தையல்காரி வரை அதையே பிடித்துக்கொண்டார்கள். நாத்தனாருக்கும் ஒரு பெயர் உண்டு. அண்ணியின் மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் வைத்தது, அரையத்தை. எதைக் கண்டாலும் பாதியாக வெட்டுவாள். சோப்பு வாங்கினால் நூலைக் கட்டி இழுத்து இரண்டாக்குவாள். பாத்திரம் தேய்க்கிற நாரும் அப்படித்தான். வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் பாதி வழி, கட்டணம் ஏறுகிற நிறுத்தத்துக்கு முந்தினதில் இறங்கி மீதி நடை. "முழுசா வாங்கினா முழுசா தீரும். பாதியா வெச்சா பயத்துலயே ரெண்டு மடங்கு நாள் வரும்" என்பாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற வேலை அவளுக்கு. அண்ணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். அண்ணியின் கணவர் போன பதினாறாம் நாள் வாடகை வீட்டுக்காரர் வந்து, "பொம்பளைங்க ரெண்டு பேரும் சின்னப் பொண்ணுமா எப்படி வாடகை கட்டுவீங்க? மாசக் கடைசியில காலி பண்ணிக்குங்க" என்றார். அவர் போன பிறகு நாத்தனார் அழவில்லை. அடுப்பை மூட்டிக்கொண்டே, "அண்ணி, இனிமே ஒருத்தன் நம்மளைப் போன்னு சொல்லக் கூடாது" என்றாள். ஒரே வருஷத்தில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள இந்த வீடு வந்தது. கடன் இருபது வருஷத்துக்கு.

"இருபது வருஷமா? எனக்கு அறுபத்தாறு ஆயிடும். பல்லு போன பிறகு எனக்கு எதுக்கு வீடு? பன்னெண்டுல முடிக்கிறோம்," என்றாள்.

கடையிலிருந்து வேண்டாத கண்ணாடிக் கூடுகள் ஆறு கொண்டுவந்தாள். ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டினாள். தவணை, சமையல், பஸ், மருந்து, படிப்பு. ஆறாவதில் 'முன்கட்டு' என்று எழுதினாள். முதல் தேதி இரண்டு பேர் சம்பளத்தையும் பிரித்துப் போடுவாள். மாதக் கடைசியில் மிஞ்சுகிற சில்லறையெல்லாம் ஆறாவது கூட்டுக்குப் போகும். வருஷம் ஒரு முறை அதை வங்கியில் கொண்டுபோய்க் கொட்டி, கடனின் வாலில் ஒரு துண்டு நறுக்கிவிட்டு வருவாள். படிப்புக் கூட்டில் மட்டும் கை வைக்கமாட்டாள். அது தீர்ந்து போனால் முன்கட்டிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, யாரும் கேட்காமலே, "கஞ்சத்தனம் வேற, சிக்கனம் வேற" என்று முணுமுணுப்பாள்.

சண்டை இல்லாமல் இல்லை. நான்காவது வருஷம் ஒரு குடைக்காக மூன்று நாள் பேசாமல் இருந்தார்கள். ஐந்து தடவை தைத்த குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு அண்ணி புதுசு வாங்கிவிட்டாள். நாத்தனார் பழைய குடையைக் குப்பையிலிருந்து எடுத்து ஆறாவது தடவை தைத்து, நனைந்துகொண்டே வேலைக்குப் போனாள். நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. மருந்துக்கு ஆன செலவு குடை விலையைவிட அதிகம். அதை அண்ணி வாய் திறந்து சொல்லவே இல்லை. கணக்கு எழுதும்போது நாத்தனார்தான் தலை நிமிராமல், "சிரிக்கணும்னா சிரிச்சிடுங்க" என்றாள்.

இப்போது பதினொன்றாம் வருஷம். மகளுக்குக் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். சேர்த்த பணம் மீதிக் கடனைத் தொட்டுவிட்டது. ஒரே கட்டாகக் கட்டி முடிக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நாத்தனாருக்கு வயிற்று வலி. ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க, கேக்கறதைக் குடுங்க" என்று அனுப்பினார்கள். அவள் எதையும் கேட்கவில்லை. காப்பீட்டுப் பத்திரத்தைக் கேட்டாள். படுத்தபடியே வரி விடாமல் படித்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு முகம் மலர்ந்து சொன்னாள்:

"அண்ணி, அந்தப் பணத்தைத் தொடாதீங்க. நான் போயிட்டா கடன் தன்னால தீந்துடும். இவ்வளவு பெரிய தள்ளுபடி எந்தக் கடையிலயும் கெடைக்காது."

"வாயை மூடு."

"தவணை அஞ்சாம் தேதி. அதுக்கு முன்னாடி போயிட்டா இந்த மாசத் தவணையும் மிச்சம்."

அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டாள். விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தாள். ஆனால் நேற்றுக் காலை எழுந்து நாத்தனாரின் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தவள், அடுத்த நொடி சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். தேதி இரண்டு. 'இன்னும் மூணு நாள்' என்று மனசு சொன்னது. சொன்னது தன் மனசுதான் என்று புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு பல் விளக்கப் போனவள், குழாயை மூடாமல் தண்ணீர் வீணாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதனால்தான் இன்று மருந்து வாங்கப் போவதாகச் சொல்லி, தையல்காரியைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு, வங்கி திறக்கிற நேரத்துக்கு வந்து நின்றாள்.

மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். பணம் கடன் கணக்குக்கு மாறியது. அந்தப் பெண் அதிகாரி கடன் முடிந்த கடிதத்தை அச்செடுத்து, முத்திரை குத்தி, எழுந்து நின்று கொடுத்தாள். மூலப் பத்திரம் வர இரண்டு வாரம் ஆகும் என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது தையல்காரி ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். "தூங்கல. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாத்தனார் தலையைத் திருப்பாமல், "மருந்து எங்க?" என்றாள்.

"கடையில இல்ல."

"எந்தக் கடையில?"

பதினொரு வருஷம் பஸ் சீட்டு வரைக்கும் கணக்குக் காட்டியவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்துப் போர்வையின் மேல் வைத்தாள். நாத்தனார் அதைத் தொடவில்லை. முத்திரையைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கட்டிட்டீங்களா?"

"கட்டிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"பதினோரு வருஷம் நான் கிழிச்ச கோட்டைத் தாண்டல. கடைசியில காலை வாரிட்டீங்களே, அண்ணி." குரலே எழும்பவில்லை, ஆனாலும் கோபம் முழுசாக இருந்தது. "அந்தப் பணத்துல உங்க முழங்காலுக்கு ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு வெச்சிருந்தேன். டாக்டர்கிட்ட விலைகூட விசாரிச்சுட்டேன். ரெண்டு காலுக்கும் சேத்துப் பண்ணா குறைச்சுக்கறேன்னாரு."

அண்ணிக்கு அது தெரியாது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்காரும்போது முழங்கால் தன் வழக்கப்படி ஒரு சத்தம் போட்டது.

"கேட்டீங்களா? அதுவே சொல்லுது பாருங்க," என்றாள் நாத்தனார்.

"சொன்னாச் சொல்லட்டும். ஏ அரை, நான் ஒண்ணு சொல்றேன், கேளு. நேத்து காலையில உன்னைப் பாத்துட்டு நாள்காட்டியைப் பாத்தேன். அஞ்சாம் தேதிக்கு எத்தனை நாள்னு எண்ணினேன். நான்தான் எண்ணினேன், வேற யாரும் இல்ல. உன் பக்கத்துல உக்காந்து பால் ஊட்டிக்கிட்டே எண்ணணுமா நான்? அப்படி வர்ற வீட்டுல எப்படிப் படுப்பேன்?"

 நாத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.  அண்ணி பாலைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். நாத்தனார் இரண்டு வாய் குடித்தாள். துணி மடித்து வைத்தாள் அண்ணி. வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கோபமாக இருக்கிறாளா, களைத்துப் போனாளா என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து நாத்தனாரின் கை போர்வையின் மேல் தடவித் தடவிக் கடிதத்தைத் தேடியது.

"கண்ணாடியைக் குடுங்க."

மாட்டிவிட்டாள். வில்லை தேய்த்த கண் அது. மேலிருந்து கீழ்வரை மெதுவாகப் போய், ஓரிடத்தில் நின்றது.

"அண்ணி, என் பேருல ஒரு எழுத்தை விட்டிருக்காங்க."

"எங்க?"

"இங்க பாருங்க. எவ பேருக்கோ வீட்டைக் குடுத்துட்டு வந்திருக்கீங்க." உதட்டோரம் லேசாகச் சுளித்தது. அண்ணிக்கு அது போதுமாக இருந்தது. "போய் மாத்திக்கிட்டு வாங்க. தப்பு அவங்கமேல. காசு கேட்டா குடுக்காதீங்க."

"நாளைக்குப் போறேன்."

நாத்தனார் அவளை நேராகப் பார்த்தாள்.

"சரி," என்றாள். "நாளைக்கே போங்க."

பிறகு கையை நீட்டிக் கட்டிலை ஒட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது. "சில்லுனு இருக்கு," என்றாள். கை அங்கேயே இருந்தது. அண்ணி கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள். மூன்றரை மணி இருக்கும், டம்ளரை அலம்பிக் கவிழ்த்துவிட்டு அடுப்படியிலிருந்து திரும்பி வந்தபோது மூச்சு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். இந்தத் தடவை அவள் நாள்காட்டிப் பக்கம் திரும்பவில்லை.

மகளும் மாப்பிள்ளையும் மறுநாள் விடிந்ததும் வந்து சேர்ந்தார்கள். மகள் அரையத்தையின் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கண்ணாடிக் கடையிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேரும் கண்ணாடி போட்டிருந்தார்கள். அதைத் துடைக்கும்போது எல்லோரும் ஒரே மாதிரி, சட்டையின் உள்பக்கத்தால் துடைத்தார்கள். கடை முதலாளி அண்ணியிடம் வந்து, "இருபத்தாறு வருஷத்துல ஒரு வில்லையைக்கூட உடைக்கலம்மா" என்றார். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் அதையே இன்னொரு தடவை சொன்னார்.

எடுத்துப் போய் முடித்துவிட்டுத் திரும்பிய பிறகு, மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வாசலில் வந்து நின்றார்.

"அத்தை, இப்பப் பேசக் கூடாதுதான். வீட்டுக் கடனுக்கு ஒரு காப்பீடு இருக்குன்னு அவங்களே சொல்லியிருந்தாங்க. இறப்புச் சான்றிதழை வாங்கி..."

"கடன் இல்லீங்க மாப்பிள்ளை. கட்டியாச்சு."

"எப்போ?"

"நேத்து காலையில."

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள், அம்மாவின் முகத்தை, பிறகு அவர் முகத்தை. மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார். "சரிங்க அத்தை," என்று சொல்லிவிட்டு, சும்மா நிற்கப் பிடிக்காதவர் போல, வரிசையாகக் கிடந்த வாடகை நாற்காலிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தார்.

ஐந்து மணிக்கு நாற்காலிக்காரர் தட்டுவண்டியோடு வந்தார். இரண்டு நாள் வாடகை என்றார்.

"காலையில ஒன்பதுக்கு எறக்கினீங்க. இப்ப மணி அஞ்சு. இதுல ரெண்டாவது நாள் எங்க இருந்து வந்துச்சு?" என்றாள் அண்ணி.

"துக்க வீட்டுல கணக்குப் பேசலாமாம்மா?"

"அதையேதான் நானும் கேக்கறேன்."

அவர் தலையைச் சொறிந்தார். ஒரு நாள் வாடகைக்கு ஒப்புக்கொண்டார். அண்ணி எண்ணிக் கொடுத்தாள். அவர் நாற்காலிகளை நான்கு நான்காக வண்டியில் ஏற்றி, கயிறு போட்டு இறுக்கிவிட்டு, விரல் நீட்டி எண்ணினார். முப்பது இருக்கவேண்டும். இருபத்தொன்பதுதான் இருந்தது. மறுபடி எண்ணினார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

முப்பதாவது நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டையும் நீட்டி, கைகளை மடியில் போட்டு, முதுகை வீட்டுச் சுவரில் சாய்த்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது.

நாற்காலிக்காரர் கேட்க வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வண்டியைச் சுற்றிவந்து, நன்றாகக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, முதலிலிருந்து, மெதுவாகக் கட்டத் தொடங்கினார்.