வாடி என்று கூப்பிட ஒருத்தி

தொண்ணூறு தாண்டியும் அம்மா தனியாகத்தான் இருந்தாள். இரண்டாவது மாடி வீடு. சமைக்க ஒரு பெண் காலையில் வந்து போவாள். மற்றபடி அவளும் ரேடியோவும்தான். எங்களோடு வந்துவிடச் சொல்லி நானும் என் மனைவியும் கெஞ்சாத மாதமில்லை.

பெரியம்மா இறந்த பிறகு அம்மா பேச்சையே குறைத்துக்கொண்டாள். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"தனியா இருந்து இருந்துதான் இப்படி ஆயிட்டீங்க அத்தை. பெட்டியக் கட்டுங்க."

"தனியா இருக்கறது எனக்குக் கைவந்த கலைம்மா," என்றாள் அம்மா. "அக்கா இருந்தவரைக்கும் என்னை வாடி போடின்னு கூப்பிட ஒருத்தி இருந்தா. இப்ப டாக்டர்லேருந்து வாட்ச்மேன் வரைக்கும் 'வாங்க, உக்காருங்க, பாத்து நடங்க'தான். நீங்க அன்பா வெச்சுப்பீங்க, தெரியும். ஆனா நான் சின்னப் பொண்ணா திரிஞ்சதப் பாத்தவங்க உங்க வீட்டுல யாரு இருக்கா?"



அம்மா அதோடு மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. அந்தக் காலத்தில் அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கூட வேலை பார்த்தவர்களில் யார் மிச்சம் என்று போனும் கையுமாகத் தேட ஆரம்பித்தாள். முக்கால்வாசி வீடுகளில் "அவங்க போயிட்டாங்களே" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் போனை வைத்துவிட்டுப் பழைய நோட்டில் அந்தப் பெயரை அடிப்பாள். பிறகு அடுத்த எண்ணைச் சுழற்றுவாள்.

கடைசியில் அகப்பட்டவள், ஒல்லியாக இருந்ததால் எக்ஸ்சேஞ்சில் 'ஒட்டடைக்குச்சி' என்று பட்டப்பெயர் வாங்கியவள். சூப்பர்வைசர் பதவித் தகராறில் அம்மாவோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டவளும் அவள்தான்.

"அவங்ககிட்டயாம்மா போகணும்?"

"சண்டைக்காரின்னாலும் என் வயசுக்காரிடா. காரை எடு."

ஒட்டடைக்குச்சி தன் மகள் வீட்டில் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். அம்மா கைத்தடியை ஊன்றி எதிரே போய் நின்றாள்.

"யாரு?"

"எக்ஸ்சேஞ்சு குட்டச்சி."

அந்தக் கிழவியின் முகம் மெல்லத் தெளிந்தது. "வாடி! இப்பதான் வழி தெரிஞ்சுதா? என் வேலையத் தட்டிப் பறிச்சவதானே நீ?"

"லைன்ல வம்பளந்துட்டு இருந்தா உனக்கா குடுப்பாங்க? போடி!"

சத்தம் கேட்டு மகள் சமையலறையிலிருந்து பதறி ஓடிவந்தாள். உள்ளே இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் முகத்தில் நான் பிறப்பதற்கு முந்தைய யாரோ ஒரு பெண் இருந்தாள்.

அடுத்த வாரம் போனபோது ஒட்டடைக்குச்சிக்கு எல்லாம் மறந்திருந்தது. மறுபடி "யாரு?" என்றாள். மறுபடி அதே சண்டை.

திரும்பும்போது கேட்டேன். "கஷ்டமா இல்லையாம்மா?"

"யாருன்னு கேக்கறப்ப சுருக்குங்குது. அப்புறம் வாடிங்கறா. அவளுக்கு மறதி, எனக்கு வாராவாரம் புதுச் சண்டை. லாபந்தான்."

போன வாரம் ஒட்டடைக்குச்சி படுத்த படுக்கையாகியிருந்தாள்; கண்ணையே திறக்கவில்லை. பேச்சும் இல்லை. மகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மா நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, அவளுடைய வசவையும் தன்னுடைய பதிலையும் தானே மாற்றி மாற்றிச் சொன்னாள். நடுவில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

அந்த வயதில் எனக்கு இவ்வளவு நெஞ்சுரம் வருமா என்று தெரியவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அம்மா அந்த மகளிடம் சொன்னாள்: "அடுத்த வாரமும் வருவேன். அவ தலைமுடிய நல்லா சீவி வை. பரட்டையா இருந்தா அவளுக்குப் பிடிக்காது."