காது மட்டும் தெளிவாக

1

இந்தக் கதையை எழுத நான் நினைக்கவில்லை. கேமரா மெக்கானிக் ஒருவர் என்னிடம் கேட்டது ஒரு கடிதம். "நீங்க எழுதுற ஆளு. நாலு வரி எழுதிக் குடுங்க சார், அந்தம்மாகிட்ட குடுத்துடறேன். எனக்குச் சொல்ல வாய் வரல."

நாலு வரி வரவில்லை. வராததைச் சுற்றி இவ்வளவு வந்திருக்கிறது. கடிதம் கேட்டால் கதையைக் கொடுப்பது எங்கள் தொழிலின் பழைய புத்தி.

2

முதல் தொடக்கம்: கொட்டும் மழையில் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் —

(மழை பெய்யவில்லை. துக்கம் என்றதும் என் கை தானாக மழையைப் போட்டுவிடுகிறது.)

இரண்டாவது: மெக்கானிக் கெட்டவர் அல்ல.

இது உண்மை. இதிலிருந்தே போகலாம். மாடிப்படிக்கு அடியில் கடை. மேசையில் சாய்த்து வைத்த ஸ்கேல். கேமராவை அதன் நடுக்கோட்டுக்குக் குறிவைத்துப் படம் எடுப்பார். தெளிவு அந்தக் கோட்டில் விழாமல் முன்னாலோ பின்னாலோ தள்ளி விழுந்தால், தள்ளிய அளவுக்கு ஓர் எண்ணைக் கேமராவுக்குள் பதிவார். பிறகு அந்த லென்ஸைப் பூட்டும்போதெல்லாம் கேமரா தானே திருத்திக்கொள்ளும். ஒரு சிக்கல் உண்டு. ஒரே மாடலில் இரண்டு லென்ஸ் இருந்தால் இந்தக் கேமராவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அன்று மேசையில் இரண்டு கேமரா, ஒரே மாடலில் இரண்டு லென்ஸ். ஒரு ஜோடி, கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணுடையது. இன்னொன்று என்னுடையது. பேச்சு மும்முரத்தில் (பேசியது நான். இதை அடிக்குறிப்பில் போட நினைத்தேன், அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பதால்) அவர் லென்ஸ்களை மாற்றிப் பூட்டி அளந்துவிட்டார். பில் போடும்போது மட்டும் நம்பர் பார்த்து அவரவர் லென்ஸைச் சரியாகக் கொடுத்தார். அதுதான் வினையாகப் போயிற்று. என் லென்ஸுக்கான ‘கூட்டல் பன்னிரண்டு’ என்ற எண் அவள் கேமராவில் உட்கார்ந்துகொண்டது.

3

என் வீட்டில் மங்கியது பூனை. அவள் வீட்டில் மங்கியது அப்பா.

படம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர், ஒருநாள் தானாகவே சன்னலோரம் உட்கார்ந்து "எடும்மா" என்றாராம். நாற்பது படம். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தன. பதினோராம் நாள் அவர் இறந்தார். அதன் பிறகு பெரிதாக்கிப் பார்த்தால், காதும் காலரும் தெளிவு. ஒன்றில்கூடக் கண் இல்லை.

அவள் கேமராவைக் கொண்டுவந்து மெக்கானிக்கின் மேசையில் வைத்தாள்.

"இதை வித்துக் குடுங்கண்ணே."

"ஏம்மா, பொழப்புக்கு என்ன பண்ணுவீங்க?"

"இப்பதான் உங்க கையால சரி பண்ணினது. கேமராவுல தப்பிருக்காது. என் கைதான் நடுங்கியிருக்கு. பெத்தவர் முகத்தையே எடுக்கத் தெரியாதவ, ஊரான் முகத்தை எடுத்து என்ன ஆகப்போகுது?"

அவள் போனதும் மெக்கானிக் அந்த எண்ணைத் திறந்து பார்த்தார். (அவருக்கு வியர்த்தது என்று எழுதியிருந்தேன். நிஜமாகவே வியர்த்ததா என்று கேட்டேன். "இல்ல சார். சாப்பாட்டை மூடி வச்சுட்டேன்" என்றார்.)

4

ஒரு முடிவு: அவர் எண்ணை அழித்துவிட்டுக் கேமராவை விற்றுவிடுகிறார். யாருக்கும் தெரியாது. அவள் படம் எடுப்பதை விட்டுவிட்டு ஏதோ ஒரு கடையில் கணினி முன்னால் வேலைக்கு உட்காருகிறாள். (சுலபமாக எழுத வந்தது. அதுவே பயமாக இருக்கிறது.)

இன்னொன்று: அவர் உண்மையைச் சொல்ல, அவள் மன்னித்து —

(எதற்காக மன்னிக்க வேண்டும்?)

5

நேற்று ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டு போனேன்: 'உங்கள் கை நடுங்கவில்லை.'

மெக்கானிக் இரண்டு முறை படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. அப்ப யாரு பண்ணினதுன்னு கேப்பாங்களே சார்?"

"நீங்கன்னு எழுதட்டுமா?"

"எழுதுங்க. பேச்சு குடுத்துக்கிட்டே இருந்தது நீங்கன்னும் சேர்த்து எழுதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கேமராவை வாங்கும் ஆள் நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார். அதற்குள் அடுத்த வரி வேண்டும். இதுவரை எனக்கு வந்ததெல்லாம் 'தவறு நேர்ந்துவிட்டது', 'எண் மாறிப்போயிற்று' என்று, செய்த ஆளே இல்லாத வாக்கியங்கள். காகிதத்தில் இடம் இருக்கிறது. இனி நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது எங்களைக் காப்பாற்றாதீர்கள்.