சதுக்கத்தில் சும்மா இருந்தவர்கள்

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் மூளைக்குப் பஞ்சம் உண்டு, படிவத்துக்குப் பஞ்சம் கிடையாது. நகர மையச் சதுக்கத்தில் யார் உட்காரலாம், யார் நிற்கலாம், எவ்வளவு நேரம் என்று விதி எழுதுவதுதான் எங்கள் பிரிவின் பிழைப்பு. பிரிவின் அதிகாரியை, அவர் காதில் விழாமல், 'ஒழுங்கு' என்று கூப்பிடுவோம். சதுக்கத்தைப் பற்றி அறுபது பக்கம் எழுதிய மகான். ஒரு நாளாவது அங்கே போய் உட்கார்ந்து பார்த்ததில்லை. காரிலிருந்து இறங்கி லிஃப்டில் ஏறுகிறவருக்குச் சதுக்கம் எதற்கு?

இந்த முறை அவர் கண்டுபிடித்த விதி இது: நாளுக்குச் சராசரியாக நாற்பது பேருக்கு மேல் 'காரணமின்றித் தங்கினால்' அங்குள்ள இருக்கைகளையும் கடைகளையும் அகற்றிவிடலாம். கடை என்று அங்கே இருப்பது ஒன்றே ஒன்று, என் அக்காவின் தையல் மெஷின். கிழிந்த பை, பழுதான ஜிப் எல்லாம் தைத்துக் கொடுப்பாள். அத்தான் முதுகில் அடிபட்டுப் படுத்த படுக்கையாகி நான்கு வருஷம். வீடு அந்த மெஷினால்தான் ஓடுகிறது. பஸ்ஸுக்கு வருகிறவர்கள் பையைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் காத்திருப்பார்கள். அதற்குப் படிவத்தில் பெயர், காரணமின்றித் தங்குதல்.

எண்ணுவதற்குப் பதினோரு பேரை அனுப்பினார்கள். ஜனங்கள் உஷாராகிவிடுவார்களாம், அதனால் சீருடை கிடையாது. ஒருவரை இன்னொருவருக்குத் தெரியாதபடி ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு ஆளாகப் பொறுக்கினார்கள். மூன்று நாள் கழித்துப் படிவங்கள் என் மேஜைக்கு வந்தன. ஒரே ஆளை இரண்டு முறை சேர்க்காமல், அடையாளம் பார்த்துக் கூட்டுவது என் வேலை. கூட்டினேன். சராசரி நாற்பத்தாறு.

பிறகுதான் அடையாளங்களை நிதானமாகப் படித்தேன். 'நீலச் சட்டை, மரத்தடியில் நாள் முழுக்க, அட்டையில் ஏதோ கிறுக்குகிறார், புத்தி சரியில்லை போல.' அது தண்ணீர் வரிக் கணக்கர். அந்தப் புண்ணியவான் எழுதியிருந்தது: 'குண்டுப் பெண், காலையிலிருந்து அதே பெஞ்ச், எல்லோரையும் முறைக்கிறார்.' அது பிறப்புச் சான்றிதழ் பிரிவு அம்மாள். எல்லாப் பிரிவின் வருகைப் பதிவேடும் பதினெட்டு வருஷமாக என் கை வழியாகத்தான் போகிறது, எனக்குத் தெரியாத முகமா? பதினோரு பேரும் மூன்று நாளும் ஒருவரையொருவர் எண்ணித் தள்ளியிருக்கிறார்கள். அவர்களைக் கழித்தால் முப்பத்தைந்து.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படிவங்களை அள்ளிக்கொண்டு ஒழுங்கிடம் ஓடினேன்.

"சார், இதுல பதினோரு பேரு நம்ம ஆளுங்க."

"உட்கார்ந்தாங்களா, இல்லையா?"

"நீங்கதானே சார் உட்காரச் சொன்னீங்க!"

"அது ரகசியக் காரணம். ரகசியத்தைப் படிவத்துல எழுத முடியாதும்மா."

விடுவேனா? பதினோரு பேரின் பெயரையும் போட்டு, யார் யாரை எண்ணினார் என்று பட்டியலிட்டு, கையெழுத்துப் போட்டு மேல்குழுவுக்கே அனுப்பினேன். குறிப்பை எழுத எழுத எனக்கு இனித்தது. குழு ஒப்புக்கொண்டது. கணக்கு தவறு, ரத்து.

"அக்கா, தப்பிச்சோம்!" என்றேன்.

"உங்க ஆபீஸு அவ்வளவு லேசுல விட்டுருமா?" என்றாள் அவள், பல்லில் நூலைக் கடித்தபடி.

விடவில்லை. மறுபடி எண்ணினார்கள். இனிமேல் குழப்பமே வரக் கூடாது என்று பதினோரு பேருக்கும் சீருடை, தொப்பி, விசில். சதுக்கத்தைச் சுற்றிப் பதினோரு தொப்பிகள் நின்று முறைத்தால் எவன் உள்ளே வருவான்? ஜனங்கள் அடுத்த தெரு வழியாகப் பஸ்ஸுக்குப் போனார்கள். மூன்று நாள் சராசரி ஒன்று. அந்த ஒன்று அக்கா.

'பொதுமக்கள் பயன்படுத்தாத காரணத்தால்' பெஞ்சுகளையும் கடையையும் அகற்ற உத்தரவு வந்தது. கூடவே, துல்லியமான கணக்குக்கு வழி செய்த எழுத்தருக்கு, அதாவது எனக்கு, ஒரு பாராட்டுக் கடிதம்.

மெஷின் இப்போது அத்தானின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. சந்துக்குள் இருக்கும் வீட்டுக்கு யார் பை தூக்கிக்கொண்டு வருவார்கள்? கடிதத்தை அக்காவிடம் காட்டி, அந்த அறிவிலிகளை வாய் வலிக்கத் திட்டினேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"மொதல்ல கூட்டினது நீதானே?"

"ஆமா."

"முப்பத்தஞ்சுன்னு எழுதி அனுப்பிட்டுப் பேசாம இருந்திருந்தா, எவன் திருப்பிப் பார்த்திருப்பான்?"

ஒருவனும் பார்த்திருக்க மாட்டான். பதினெட்டு வருஷத்தில் என் கூட்டலை ஒருவனும் சரிபார்த்ததில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் அவர்கள் முட்டாள்கள் என்று எழுத்தில், கையெழுத்தோடு, ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? பாராட்டுக் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.