மார்லீன் எறிந்த பந்து

நெப்ராஸ்காவின் ஹார்லன் ஊர்க் கல்லூரி அரங்கத்தில், 1979 மார்ச் மாதம் மார்லீன் எறிந்த கூடைப்பந்து கீழே இறங்க இருபத்தாறு வருஷம் பிடித்தது. அவள் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து கையை விட்ட பிறகுதான் நேரம் முடிந்த சங்கு ஊதியது. ஆகவே அது விழும்வரை ஆட்டம் முடியாது, நடுவில் யாராவது தொட்டால் புள்ளி கிடையாது என்று நடுவர் ஆர்வில் சொல்லிவிட்டார். பந்தோ அந்தரத்தில் மெல்லச் சுழன்றுகொண்டு, நத்தைக்கும் பொறுமை போகும் வேகத்தில் வளையத்தை நோக்கி நகர்ந்தது. சோளப்பொரி தீர்ந்ததும் சனம் வீட்டுக்குப் போனது.

மறுநாள் காலை அங்கே டிராக்டர் கண்காட்சி. அதன்பின் பனிச்சறுக்கு நடனம், பட்டமளிப்பு, சர்க்கஸ். ஒவ்வொன்றுக்கும் கூடையைத் தாங்கும் சக்கர வண்டியை உருட்டிப் போவார்கள், முடிந்ததும் தரையில் ஒட்டிய நாடாக் குறியில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஊஞ்சலாடுகிறவர்கள் பந்துக்கு வழிவிட்டு ஆடினார்கள். அடுத்தடுத்து வந்த அணிகள் அதற்கு அடியில் ஆடப் பழகிக்கொண்டன.

மார்லீனின் கணவன் டுவேனுக்கு டென்வரில் வேலை கிடைத்தது. ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியாமல் ஊரைவிட்டு வரமாட்டேன் என்றாள். அவனுக்கும் பார்க்க ஆசைதான். உள்ளூரிலேயே தீவனக் கிடங்கில் சேர்ந்துகொண்டான். அன்று அவளை மறித்து நின்ற எதிரணி வெல்டா, அதே ஊரில் முடிதிருத்தும் கடை போட்டாள். மார்லீன் போய் உட்கார்ந்தாலே, "உன் பந்து வளையத்துல படக்கூட படாதுடி. தலையை ஆட்டாம இரு," என்பாள்.

பந்து வளையத்தை எட்டிய சனிக்கிழமை, அரங்கத்தில் காளைச் சவாரி. தரை முழுக்க மண் கொட்டியிருந்தது. கூடை வண்டி அரங்கத்தின் கிடங்கில் கிடந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள், ஆனால் நாடாக் குறி மண்ணுக்கடியில். மண்மேல் நிறுத்தினால் வளையமும் அந்த அளவுக்கு உயர்ந்துவிடும் என்று ஆர்வில் பார்வையாளர் வரிசையிலிருந்து சத்தம் போட்டார். எங்கே தோண்டுவது என்று எல்லோரும் மார்லீனைப் பார்த்தார்கள். பந்தை எறிந்த அன்று அவளுக்கு வளையம் தெரிந்ததே தவிர தரை தெரியவில்லை.

வெல்டா வேலியைத் தாண்டி இறங்கினாள். ஓரிடத்தில் போய் நின்று பூட்ஸால் மண்ணைக் கீறினாள்.

"இங்கதான். எனக்கு முதுகுக்குப் பின்னாடியே இருந்துச்சு."

"நல்லா யோசிச்சுக்கோ வெல்டா," என்றாள் மார்லீன். "விழுந்தா தோக்கறது நீங்க."

"தோத்தா தோத்துட்டுப் போறோம். இன்னும் எத்தனை வருஷம் இதே பேச்சைக் கேட்டுட்டு உனக்கு முடிவெட்டறது? மம்பட்டியைக் கொடு."

சவாரிக்காரர்கள், கோமாளிகள், சோளப்பொரி வாளியோடு இறங்கிவந்த சனம் எல்லோரும் சேர்ந்து மண்ணை அள்ளினார்கள். நாடா தெரிந்தது. வண்டிச் சக்கரம் மரத்தரையில் உட்கார்ந்தது. பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு, ஒருமுறை சுற்றி, உள்ளே விழுந்தது.

ஆர்வில் விசில் ஊதினார். ஜெயித்தவர்கள் ஏணியில் ஏறி வலையை அறுப்பது வழக்கம் என்பதால் மார்லீன் ஏறினாள். வெல்டா ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"சீக்கிரம் அறுத்துட்டு இறங்குடி. காளைங்க நிக்குது."

டுவேன் டென்வருக்குக் கிளம்ப லாரி பேசப் போனான். மண்ணைப் பழையபடி பரப்பினார்கள். அன்றைய காளைச் சவாரி சற்றுத் தாமதமாகத் தொடங்கியது.