ஸ்டெப்னி இல்லாத கார்

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டதும், பூந்தமல்லியில் வாடகைக் கார் ஓட்டிய தங்கவேல் தன் வண்டியின் பாரத்தைக் குறைக்க ஆரம்பித்தான். பம்பர்களைக் கழற்றினான். பின் சீட்டின் இரும்புச் சட்டத்தை எடுத்துவிட்டு மூங்கில் தட்டி கட்டினான். கடைசியில் மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கி வீட்டில் போட்டான். அதே பெட்ரோலில் வண்டி கூடுதலாக ஓடிற்று. மாதக் கடைசியில் மற்ற கார்கள் முடங்கிக் கிடக்க, அவன் மட்டும் சவாரி போனான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஐப்பசியில் ஒரு பிற்பகல், தங்கை புருஷன் துலுக்கானம் திருவேற்காட்டிலிருந்து மூச்சிரைக்க வந்து நின்றான்.

"மச்சான், தாட்சாயிணிக்கு காலைலேர்ந்து வலி. கொயந்த குறுக்கால கீதாம். எழும்பூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவச் சொல்றா மருத்துவச்சி."

டாங்கியில் இருந்ததே கொஞ்சம். வேறு வண்டியாக இருந்தால் எழும்பூர் எட்டாது. தன் வண்டி எட்டிவிடும் என்று நம்பித்தான் தங்கவேல் போய்த் தங்கையை ஏற்றிக்கொண்டான்.

வானகரம் தாண்டியதும் பின் டயர் வெடித்தது.

"இன்னாண்ணே, நின்னுட்ச்சு?" என்றாள் தாட்சாயிணி, புருஷன் மடியில் படுத்தபடி.

"ஒண்ணுமில்லம்மா. இதோ பூடலாம்."

வயலில் இருந்த ஆட்கள் ஓடிவந்து, ஜாக்கி இல்லாமலே காரின் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டார்கள். அவ்வளவு லேசாக இருந்தது. மாட்டத்தான் சக்கரம் இல்லை.

ஒரு கட்டைவண்டி கிடைத்தது. அது கோயம்பேட்டைத் தொடுவதற்குள் தாட்சாயிணி போய்விட்டாள். பிள்ளையும் வயிற்றோடு போயிற்று.

காரியம் முடிந்த அன்று துலுக்கானம் தங்கவேல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நீ வரலன்னா அவ ஊட்லயே பூட்டிருப்பா. நீ இன்னா பண்ணுவே?" என்றான்.

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தங்கவேலுக்கு. ஸ்டெப்னியை வண்டியிலேயே வைத்திருந்தால், அதன் பாரத்துக்கு மிஞ்சிப்போனால் ஒரு மைல் ஓட்டம் குறைந்திருக்கும். எழும்பூருக்கு ஒரு மைல் முன்னால் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றிருந்தால், ரிக்‌ஷா வைத்தாவது சேர்த்திருக்கலாம். இது அவனுக்குத் தெரியும். துலுக்கானத்துக்குத் தெரியாது.

துலுக்கானம் இலையை அவன் பக்கம் நகர்த்தினான்.

"துன்னு மச்சான். நேத்துலேர்ந்து நீ ஒண்ணும் துன்னல."

தங்கவேல் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான்.